காரைக்குடிக்கு எப்படிப்பட்ட பொது நூலகம் வேண்டும்?

கேள்வி இதுதான்: காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. இங்கே புதிதாக ஒரு பெரிய பொது நூலகம் வந்தால், அதைச் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டுவதா? அல்லது சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரை நத்தம் சாலையிலும் இருப்பது போலப் பல மாடிக் கட்டடமாகக் கட்டுவதா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தப் பக்கத்திலேயே பிறந்து, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கட்டட வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

பல மாடி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெருநகரங்களுக்கானவை. அங்கே அத்தனை புத்தகமும் அத்தனை வாசகர்களும் இருக்கிறார்கள். அந்த உயரம் அங்கே பொருந்துகிறது. கோட்டூர்புரத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்லி பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்களே, அந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காரைக்குடி அளவுள்ள ஊருக்கு அடைத்து மூடிய ஏ.சி. கட்டடம் என்றால், கரண்ட் போன அன்றும் ஏ.சி. பழுதான மாதத்திலும் அது யாருக்கும் உதவாது. தரைத்தளமும் அதன் மேல் ஒரு மாடியும் போதும்.

செட்டிநாட்டு வீடு மாதிரி என்பதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இப்போது நடப்பது பெரும்பாலும் ஒட்டுவேலை. முகப்பில் நாலு கருங்கல் தூண், வாசலுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி, தரையில் ஆத்தங்குடிக் கல். உள்ளே போனால் தாழ்ந்த பால்ஸ் சீலிங், டியூப் லைட், சன்னலை மறைத்து நிற்கும் இரும்பு ரேக். அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்திருந்த எதுவும் அதில் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் வெளிச்சத்தையும் காற்றையும் ஆட்களையும் வரிசைப்படுத்திய முறையை.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். நம் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகம்; எந்த ஊர் என்பது வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிரில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண். மேற்குப் பார்த்த சன்னல். இரண்டு மணிக்கு வெயில் அவள் மேசையின் ஓரத்தைத் தொட்டது. நாற்காலியை ஒரு முழம் இழுத்துப் போட்டாள். மூன்று மணிக்கு மேசை முழுக்க வெயில். எழுந்து செய்தித்தாள் மேசைக்குப் போனாள். நாலு மணிக்கு அங்கேயும் வெயில் வந்துவிட, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு மணி நேரத்தில் மூன்று இடம். அந்த அறைக்கு வரைபடம் போட்டவர் சன்னல் எந்தத் திசையில் வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவள் எழுந்திருக்கவே வேண்டாம். நூலகக் கட்டடக் கலையின் முதல் பாடம் எனக்கு அங்கேதான் புரிந்தது: புத்தகம் வெயிலுக்குப் பயப்படும், ஆனால் வாசகருக்கு வெளிச்சம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அறையில் சமாதானப்படுத்துவதுதான் முழு வேலையும்.

உலகத்தில் பலர் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். பின்லாந்துக்காரர் ஆல்வார் ஆல்டோ வீபுரி என்ற ஊரில் 1935-இல் ஒரு நூலகம் கட்டி முடித்தார் (இன்று அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது). வாசிப்பறையின் கூரையில் 57 வட்டத் துளைகள். ஒவ்வொன்றும் ஆறடி அகலம், புனல் போல ஆழமானது. வெயில் நேராகப் புத்தகத்தின் மேல் விழாது. புனலின் சுவரில் பட்டுச் சிதறி, நிழலே இல்லாத வெளிச்சமாகக் கீழே இறங்கும். கட்டடக்கலை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு இங்கேயும் கூரையில் வட்டம் போட ஆசைப்படுவார். அந்தப் புனல் வேலை செய்வதற்குக் காரணம் அந்த ஊரின் சூரியன். உச்சிக் கோடையிலும் அங்கே சூரியன் ஏறக்குறைய 53 பாகைக்கு மேல் ஏறாது. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த மூன்றாம் நாள் வாக்கிலும் ஆவணி பத்தாம் தேதி வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதே துளையை இங்கே போட்டால் வெயில் புனலுக்குள் நேராக இறங்கி மேசையில் வட்டம் வட்டமாக நிற்கும்.

வடக்குச் சன்னல் வைத்தால் போதும் என்பதும் ஐரோப்பியப் புத்தகத்திலிருந்து வந்த பாடம்தான். நம் ஊரில் சித்திரை தொடங்கி ஆவணி வரை சூரியன் நடுப்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். நடுப்பகல் வெயிலைச் சின்ன சன்ஷேடே தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தாழ்வாக வரும் வெயிலுக்குப் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும். இது தெரியாமல் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு, பிறகு திரைச்சீலை மாட்டி, பகலிலும் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும், நினைவுக்கு வர வேண்டும். முற்றத்தில் விழும் வெயில் தரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டு, தாழ்வாரத்துக்குள் தணிந்த வெளிச்சமாக வருகிறது. ஓட்டுக் கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து இறங்குவதால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு வானத்தின் கூச்சம் தெரியாது. சூடான காற்று மேலே போய்விடும். இரவின் குளிர்ச்சி முற்றத்தின் கல்லில் தங்கி முற்பகல் வரை நிற்கும். அந்தத் தாழ்வாரத்துக்குப் பின்னால் வரிசையாக அறைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுத்தவை. பாத்திரம், பட்டு, சீர்ச்சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் இருட்டு, தடித்த சுவர், நாள் முழுக்க ஒரே மாதிரி சூடு.

லூயி கான் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தன் நாட்டில் எக்ஸிடர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்காகக் கட்டிய நூலகம் 1972 வாக்கில் முடிந்தது. அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடமும் அவர் வரைந்ததுதான். எக்ஸிடரில் அவர் செய்தது எளிது: புத்தகத்தைக் கட்டடத்தின் இருட்டான உள்பகுதியில் வைத்தார், வாசகரைச் சன்னலோரம், ஆளுக்கொரு மர மேசையில் உட்கார வைத்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்து வர வேண்டும். குளிர்நாட்டில் வெளிச்சம் வெளிச்சுவரில் இருக்கிறது. நம் ஊரில் வெளிச்சுவர் என்பது எரிவெயில். தாங்கும்படியான வெளிச்சம் நடுவில், முற்றத்தில் இருக்கிறது. ஆகவே அந்த நூலகத்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் நமக்குக் கிடைப்பது வளவு. வெளிச்சுவரை ஒட்டிய இருட்டறைகளில் புத்தகம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வாசகர். நவீனமான நூலகம் வேண்டும் என்றால் எனக்கு இதைவிட நவீனமான வரைபடம் தெரியாது.

இன்னொரு வசதியும் சேர்ந்து வரும். சியாட்டில் நகர நூலகத்தில், 2004-இல், புத்தக வரிசை எங்கும் அறுபடக் கூடாது என்பதற்காக நாலு தளத்துக்குச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவில் ரேக்குகளை வைத்தார்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் இருந்தால் நமக்கு அந்தச் சரிவு வேண்டாம். கோயில் பிரகாரம் சுற்றுவது போல ஒருமுறை சுற்றி வந்தால் பொது அறிவிலிருந்து வரலாறு வரை எல்லாத் துறையும் வரிசையாகக் கிடைக்கும்.

முற்றத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். ஒரு சிறிய படிப்பகத்துக்கு முற்றம் வைத்து வரைந்தேன். மழை உள்ளே வருகிறது, புறா வருகிறது என்றார்கள். கேட்டுக்கொண்டு மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு அடைத்தேன். பங்குனியிலேயே அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. வெயில் உள்ளே வந்தது, சூடு வெளியே போக வழியில்லை. பிறகு தகட்டை எடுத்துவிட்டு, கூரையை மூன்றடி தூக்கி, நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள் வைத்தோம், புறாவுக்கு வலை. மழைச் சாரல் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. அதற்காக முற்றத்தை ஒட்டி நாலடிக்குப் புத்தகமோ மேசையோ வைக்காமல் நடைபாதையாக விட்டோம். முற்றம் என்றால் காற்று போகிற இடம். மூடினால் அது முற்றமே இல்லை.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் அந்த வீடுகளில் இருக்கிறது. அவை எல்லாருக்கும் திறந்திருந்த வீடுகள் அல்ல. திண்ணையில் யார் உட்காரலாம், முகப்பைத் தாண்டி யார் வரலாம், வளவுக்குள் யார், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் யார் என்று ஒவ்வொரு நிலைவாசலும் ஆட்களைக் கழித்துக்கொண்டே போகும். வேலைக்கு வந்தவர்களுக்குப் பின்வாசல். சாதியும் ஆண் பெண் வேறுபாடும் அந்த வாசற்படிகளிலேயே இருந்தன. பொது நூலகம் இதற்கு நேர் எதிரானது. கடைசி அறை வரை எவரும் நடந்து போகலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே நிலைவாசல்களின் வரிசையை விட்டுவிட்டு, திண்ணையை மட்டும் எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும்.

ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தைப் பாருங்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. தரைத்தளத்தில் பெரும்பாலும் புத்தகமே இல்லை. மழைக்கு ஒதுங்கலாம், காபி குடிக்கலாம், கூட்டம் நடத்தலாம். நடுத்தளத்தில் தையல் மிஷின் முதல் ஒலிப்பதிவு அறை வரை. புத்தகம் மூன்றாம் தளத்தில், மேகம் போன்ற வெள்ளைக் கூரையின் கீழ். எனக்கு அந்தத் தரைத்தளம் ஒரு பெரிய திண்ணையாகத்தான் தெரிகிறது. காரணம் சொல்லாமல் வந்து உட்காரலாம்.

நம் ஊர் நூலகத்தின் திண்ணை தெருவைப் பார்த்து, நீளமாக, கூரையோடு இருக்கட்டும். குடிநீர், கழிப்பறை, செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் பிளக் பாயிண்ட் எல்லாம் அங்கேயே, உள்ளே போகாமலே கிடைக்கட்டும். உள்ளே பூட்டிய பிறகும் இரவு பத்து மணி வரை திண்ணையில் லைட் எரியட்டும். இன்று நம் நூலகங்களை நிரப்புகிறவர்கள் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். சொந்தப் புத்தகத்தோடு காலையில் வந்து மாலை வரை இருப்பவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் இவர்களை நினைக்கவே இல்லையே என்று எனக்கு மனசு கனக்கும். கை கழுவத் தொட்டியோடு சாப்பிட ஓர் இடம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டின் உயரமான அடித்தளம் புத்தகத்துக்கு நல்லது. வெள்ளமும் கரையானும் எட்டாது. சக்கர நாற்காலிக்கு அது சுவர். மூன்றடி உயரத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 36 அடி சாய்தளம் வேண்டும். பின்பக்கம் ஒளித்து வைக்காமல், திண்ணையின் நீளத்தையே சாய்தளமாக்கிவிட்டால் எல்லாரும் அதே வழியில் ஏறுவார்கள். தனி வழி என்ற பேச்சே வராது.

இந்தக் கேள்வியோடு கூடவே வரும் இன்னொரு யோசனை, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றையே நூலகமாக்கலாமே என்பது. ஆசை எனக்கும் உண்டு. பங்காளிகள் எத்தனை பேர், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பது ஒருபுறம். பாரம்தான் பெரிய சிக்கல். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். புத்தக ரேக் நிற்கும் தளத்துக்கு இந்தியத் தர விதி சொல்வது சுமார் 600 கிலோ, ரேக்கின் உயரம் ஏழு அடியைத் தாண்டினால் இன்னும் கூடும். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் அதை ஏற்றக் கூடாது. தேக்கு உத்தரம் உடனே முறியாது, மெல்ல வளையும். கீழே சுண்ணாம்புப் பூச்சில் விரிசல் காட்டும். பழைய வீட்டை எடுத்தால் புத்தகம் முழுக்கத் தரைத்தளத்தில். மாடியில் வாசிப்பு மேசையும் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் இடமும் மட்டும்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டைப் பூச்சுச் சுவர் எல்லாம் கெட்டியான, வழவழப்பான பரப்புகள். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு அது அழகு. வாசிப்பறையில் ஒருவர் நாற்காலியை இழுத்தால் மூன்று பேர் தலை நிமிர்வார்கள். கூரையடியில் மரச் சட்டம், அதன் மேல் தேங்காய் நார்ப் பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர். மிச்சத்தைப் புத்தக வரிசைகளே விழுங்கிக்கொள்ளும்.

ஆத்தங்குடிக் கல்லே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஆத்தங்குடிக்குப் போய் அந்த வேலையை ஒருமுறை பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த மணல் சிமெண்ட், அதற்கு மேல் ஈரக் கலவை. சூளை கிடையாது, காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, கண்ணாடியைப் பிரித்தால் கல் மினுமினுக்கும்; அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது. அந்தக் கல்லுக்கு நூலகத்தில் சரியான வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறமும் பூவும் கொடுத்துவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கூடச் சிவப்புப் பூவைப் பிடித்துக்கொண்டே கதைப் புத்தகத்துக்கு நடந்து போய்விடும். வாசலில் மட்டும் போட வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரக்காலோடு வருபவர்களுக்கு அது வழுக்கும். அங்கே கொத்திய கருங்கல்தான் சரி.

இடத்தின் வரிசையையும் யோசிக்க வேண்டும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. நம் வீடுகள் வளர்ந்த விதமும் அதுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் ஒவ்வொரு கட்டாகச் சேர்ந்துகொண்டே போகும். நூலகத்தையும் அப்படி நீள மனையில் தொடங்கலாம். முதல் கட்டில் இன்றைய தேவை, பின்னால் காலி மனை. பத்து வருடம் கழித்து இன்னொரு முற்றத்தோடு இரண்டாங்கட்டு வரட்டும். முதல் கட்டில் ஒரு செங்கல்லைக் கூட இடிக்க வேண்டாம்.

அந்த இரண்டாங்கட்டில் ஓர் அறை, இந்த ஊரின் அச்சுக்கும் ஏட்டுக்கும் என்று ஒதுக்கப்பட வேண்டும். 1917-இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கி, 1919-இல் பாரதி வந்து போன ஊர் இது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை மனிதராக ஒரு லட்சம் அளவுக்கு நூலும் இதழும் நோட்டீசும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக்கியது. அது காப்பாற்றப்பட்டதில் எனக்கு நிறைவு. ஆனால் அதைப் பாதுகாக்கும்படியான அறை அன்று இங்கே இருந்திருந்தால் என்ற ஏக்கமும் இருக்கிறது. இன்னும் எத்தனையோ வீடுகளில் வட்டிக்கடைக் கணக்குகளும் ரங்கூன் கடிதங்களும் கல்யாண அழைப்பிதழ்களும் மரப்பெட்டியில் கிடக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது பெரிய மாளிகை அல்ல: சன்னல் இல்லாத, வடக்குப் பக்க அறை ஒன்று, இரட்டைச் சுவர், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி, அந்த ஓர் அறைக்கு மட்டும் இரவும் பகலும் நிற்காத மின்சாரம். மொத்தக் கட்டடத்தையும் ஏ.சி. போடுவதில் மிச்சமாகும் பணத்தில் இதைச் செய்யலாம். நாம் சொத்துவரியோடு சேர்த்துக் கட்டும் நூலக வரி 1948 சட்டத்தின் வழியாக வந்தது. கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: இடம். நகரத்துக்கு வெளியே நாலுவழிச் சாலையோரம் ஐந்து ஏக்கர் சும்மா கிடைக்கிறது என்றால் எல்லாரும் அங்கே தாவுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் தூரத்தில் ஐம்பது சென்ட் கிடைத்தால் கூட நான் அதைத்தான் எடுப்பேன். பள்ளி விட்டதும் தேவகோட்டை பஸ்ஸுக்கோ திருப்பத்தூர் பஸ்ஸுக்கோ முக்கால் மணி நேரம் நிற்கும் பிள்ளை, அந்த முக்கால் மணியை எங்கே உட்கார்ந்து கழிக்கும் என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து திண்ணை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.